இல்லைக்குப் பென்சில்

அவரிடம் இருந்த செருப்புகள் எல்லாமே பக்கிள் பூட்டுகிற வகை. கொழும்பு வெயிலிலும் மழையிலும் நாளுக்கு ஐந்தாறு வீடு ஏறி இறங்குகிற ஒரு பெண், காலை நுழைத்ததும் நடக்கக்கூடிய ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, குனிந்து இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பூட்ட வேண்டிய செருப்பை ஏன் போடுகிறார் என்று முதல் மாதம் முழுக்க எனக்கு எரிச்சல். நான் வாசலுக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வாரில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். கண் தெரியாவிட்டால் கண்ணாடி போட்டுத் தொலைக்கலாமே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வேலையில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். அந்த ஒழுங்கை எனக்குப் படிப்பித்தவரே அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், கொட்டாஞ்சேனைக்காரி. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்றார், ஆனால் கடைசிவரை 'நீங்க' போட்டுத்தான் கதைத்தார்.

வேலை இதுதான். சில டொக்டர்மார் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். உடம்பில் காயமோ கிருமியோ பட்டால் அந்த இடம் வீங்கிச் சிவந்து எரிகிறதே, அந்த அழற்சியைத் தொடக்கிவிடவும் அடக்கிவைக்கவும் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பிறக்கும்போதே ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. தாய் தகப்பனிடமிருந்து வந்த அந்த வித்தியாசங்கள் குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா என்பதுதான் கேள்வி. பொரளைப் பக்கம் ஒரு வாடகை மாடிவீடுதான் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். தமிழ் வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்டு, குடும்ப மரம் கீறி, ஒரு குழாய் இரத்தம் எடுத்து வருவது அக்காவின் பொறுப்பு. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும், வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் பொறுப்பு.

அவர் மரம் கீறுவதைப் பார்க்க வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. வட்டத்துக்கு ஒரு இருமல் மருந்துப் போத்தலின் மூடி வைத்திருந்தார். மச்சான் மச்சாளைக் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. "எங்கட ஆக்கள்ட மரத்தில கிளையெல்லாம் சுத்தி வந்து ஒண்டையொண்டு கட்டிப் பிடிக்குது பாருங்க" என்று சிரிப்பார். ஒவ்வொரு வட்டத்துக்கும் சதுரத்துக்கும் படிவத்தில் மூன்று பெட்டி: ஓம், இல்லை, தெரியாது. ஓம் என்றால் பேனையால் அடையாளம் போடுவார். இல்லை என்றால் பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இல்லைக்குப் பென்சில்தான் பிள்ளை. ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தரும் பிறகு இல்லை எண்டு மாத்தினதில்ல. இல்லை எண்டு சொன்னவங்கதான் மாத்துறவங்க."

"மாத்தாட்டி?"

"பென்சில்லயே இருக்கட்டும்."

மாற்றினார்கள். அதுதான் அந்தச் செருப்பின் இரகசியம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றுக்குப் போனோம். வீட்டுத் தலைவி செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்தவரின் மனைவி. பிளேன் டீயும் முறுக்கும் வந்தன. கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை. கணவர் மாரடைப்பு, கொழுந்தனார் மாரடைப்பு, பெரிய நாத்தனாரும் மாரடைப்பு. அக்கா மூன்று தரம் கேட்டார். முதலாம் தரம் படிவத்தில் உள்ளபடி, இரண்டாம் தரம் வேறு மாதிரி, மூன்றாம் தரம் முறுக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு. மூன்று தரமும் மாரடைப்புத்தான். எழுந்து வாசலுக்கு வந்தோம். அக்கா குனிந்தார். ஒரு கால் பக்கிள் பூட்டி, மறு கால் பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்த வந்த மருமகள் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், மாமாக்கு மாரடைப்பு இல்லீங்க. குடல்ல கட்டி. பெரிய அத்தைக்கும் அதான். நான் சொன்னதா எழுதிறாதீங்க. எம் புருஷனுக்கு இப்ப அடிக்கடி வயித்தால போகுது. கேட்டா ஒண்ணும் இல்லேங்கிறாரு."

படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா பென்சில் அடையாளம் இரண்டை அழித்துப் பேனையால் போட்டார். அந்தப் புருஷன் எந்தக் கிளினிக்குக்கு, எந்தக் கிழமை போக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். பஸ்சுக்கு நிற்கும்போது சொன்னார்: "உள்ளுக்க இருக்கிற வரைக்கும் நான் விருந்தாளி. விருந்தாளிக்கு முறுக்குத்தான் குடுப்பாங்க. செருப்புப் போடத் தொடங்கினா நான் போற ஆள். போற ஆளுக்குத்தான் சொல்லுவாங்க. அந்த நேரத்தை நாங்க கொஞ்சம் நீட்டிக் குடுக்கணும்."

ஒரே ஒரு தரம்தான் என்மேல் கோபப்பட்டார். கொட்டாஞ்சேனையில் கணவனைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் வீடு. அக்கா உள்ளே இரத்தக் குழாயில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். "இது என்ன ஆராய்ச்சி மகள்?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். "பரம்பரையா வாறதைப் பற்றி அன்ரி" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. அவர் மூன்று ஆண்பிள்ளைகளின் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டார். அக்கா வந்து பக்கத்தில் இருந்து, ஒரு மணித்தியாலம் திரும்பத் திரும்பச் சொன்னார். "காயம் பட்டா உடம்பு சண்டைக்குப் போகும் அன்ரி. சில பேர்ட உடம்பு சண்டையைக் கெதியா நிப்பாட்டும், சில பேர்ட உடம்பு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குணத்தில கொஞ்சம் தாய் தகப்பன்ட்ட இருந்து வரலாம். அதால கான்சர் வாற வாய்ப்புக் கொஞ்சம் கூடலாம், குறையவும் செய்யலாம். வரும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. சாப்பாடு, சிகரெட், வயசு, எத்தனையோ இருக்கு." தெருவுக்கு வந்ததும் என்னிடம் திரும்பினார். "வரலாம் எண்டதை நீங்க வரும் எண்டு சொல்லிட்டீங்க. அந்த மனிசி இண்டைக்கு இரவு மூண்டு பிள்ளையளையும் எப்பிடிப் பார்ப்பா?" அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னுடன் கதைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் பிழை என்னுடையது.

இனி என் கதைக்கு வர வேண்டும். அது இல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

என் அம்மா குடல் புற்றுநோயால் இறந்தவர். வருடக்கணக்காகக் குடலில் அழற்சி. மருந்தும் பத்தியமுமாக இழுத்து, கடைசியில் அது புற்றில் முடிந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, தங்கச்சிக்குப் பதினாறு. அப்பா எல்லோருக்கும் குடல்புண் என்று சொன்னார். தங்கச்சிக்கும் அதையே சொன்னோம். அப்பா கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு பெட்டைப் பிள்ளைகள். தாய்க்குக் கான்சர் என்று வெளியே தெரிந்தால் பேச வருகிற சம்பந்தம் படியிலேயே திரும்பிவிடும் என்பது வெள்ளவத்தையில் எந்தத் தகப்பனுக்கும் தெரிந்த கணக்கு. நான் கலியாணமே வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் தங்கச்சிக்குக் கனடாவிலிருந்து ஒரு இடம் பேசிக்கொண்டிருந்த மாதத்தில்தான், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத சுகதேகிகளும் தேவை, கந்தோர் ஆட்களில் விருப்பமானவர்களிடமிருந்தே தொடங்குவோம் என்று பெரிய டொக்டர் சொன்னார். விருப்பமில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று நானும் தலையாட்டினேன்.

அக்கா என்னைக் கேட்டார். நான் அவரைக் கேட்க வேண்டும். அப்படித்தான் சோடி அமைந்தது.

"அம்மா என்னத்தில மோசம் போனவ?"

"குடல்புண் அக்கா."

"குடலில வேற ஏதும் எண்டு டொக்டர்மார் சொன்னவங்களா?"

"இல்லை."

மூன்றாம் தரம் கேட்டபோது பென்சிலால் நெற்றியைச் சொறிந்தபடி, ஏதோ ஊர்க்கதை கேட்பதுபோல, "அம்மா நிறைய நாள் படுக்கையில இருந்தவவா?" என்றார். இந்த வித்தை எனக்குத் தெரியும். எத்தனை வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்தவள். "கொஞ்ச நாள்தான்" என்றேன். அவர் பென்சிலால் அடையாளம் போட்டார்.

பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். அம்மா? தெரியாது. அப்பா? தெரியாது. சகோதரங்கள்? தெரியாது. நான் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் கைக்குழந்தையாக வந்து சேர்ந்தவராம். "சிஸ்டர்மார் ஒரு பேர் வைச்சாங்க, ஒரு பிறந்தநாள் வைச்சாங்க. மற்றது ஒண்டும் அவங்களுக்கும் தெரியாது." நான் ஒவ்வொரு பெட்டியிலும் பென்சிலால் தெரியாது என்று போட்டுக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "தெரியாதுக்குப் பேனை பிள்ளை. அது மாறாது."

அந்தப் பெரிய தாளின் நடுவில் மருந்துப் போத்தல் மூடியால் கீறிய ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மேலேயும் கீழேயும் பக்கத்திலும் ஒரு கோடு இல்லை. ஒரு முழு மரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவள் நான். ஒரு கிளைகூட இல்லாமல் உண்மை சொன்னவர் அவர். என்னைப் பற்றி நானே வெட்கப்பட்ட நாட்களில் அதுதான் முதலாவது.

அடுத்த கிழமை, நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். அப்பா தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லி மறித்தார். ஷோகேசில் அம்மாவின் கல்வெட்டு இருந்தது, முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகம். அக்காவுக்குக் கல்வெட்டு என்றால் உயிர். உறவுமுறை முழுக்க ஒரே இடத்தில் கிடைக்கிறதே. எடுத்து, மூன்று தலைமுறையையும் விரல் வைத்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில் 'சில காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தார் போல இருந்தது. மூடி வைத்துவிட்டு அம்மா நல்ல வடிவு என்றார்.

வாசலுக்கு வந்து குனிந்து பக்கிளைத் தேடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் வந்து திறந்து, மூடிப் போனது. மறுபடி வந்தது. வலது கால் பூட்டி, அது சரியில்லை என்று கழற்றி மறுபடி பூட்டினார். ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"மழை வரப்போகுது அக்கா" என்றேன்.

"ஓம், வரும்போல" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து போய்விட்டார்.

தங்கச்சியின் கலியாணம் நடந்தது, டொரொன்டோ போனாள். ஆராய்ச்சி முடிந்து, படிவங்கள் பூட்டிய அலுமாரிகளோடு எங்கோ போயின. எங்கள் இரத்தம் என்ன சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதில்லை என்பது தொடக்கத்திலேயே கையெழுத்து வைத்த நிபந்தனை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நான் ஃபிளாட்டில் இருந்துகொண்டே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். காலையில் கடலோரம் ஒரு ரயில் போகும் சத்தம், மத்தியானம் இன்னொன்று, மரக்கறி வாங்க மார்க்கெட்டுக்கு ஒரு நடை. சில நாள் மரக்கறிக்காரரிடம் "கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டதைத் தவிர, பொழுதுபடும்வரை வேறு வார்த்தை வாயிலிருந்து வந்திருக்காது.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் அக்காவுக்கு ஒரு அறை. என்னைக் கண்டதும் கட்டிலில் கிடந்த பேப்பரையும் தடித்த கொப்பியையும் அவசரமாக ஒதுக்கினார். நான் கொப்பியைத் திறந்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் குடும்ப மரங்கள். பேப்பரில் வரும் மரண அறிவித்தல்களைப் பார்த்து, இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள், இன்னாரின் மைத்துனி என்று ஒருவரும் கேட்காமலே கீறி வைத்திருந்தார். முன்பின் தெரியாத ஆட்கள். ஒவ்வொரு வட்டமும் மருந்துப் போத்தல் மூடியின் அளவு.

"சும்மா பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பெரிய நீளம்" என்றார்.

இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தோம். பழைய வீடுகளைப் பற்றிக் கதைத்தோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எரிகிறது என்று ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்து விழுங்கினார். "கனநாளாவா?" என்று கேட்டேன். "ஏதோ சாப்பாடு" என்றார். மற்றவர்களை மூன்று தரம் கேட்கிற மனிசியை நான் ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். என் செருப்பு ரப்பர் செருப்பு, பூட்ட ஒன்றுமில்லை. காலை நுழைத்தேன், எடுத்தேன், மறுபடி நுழைத்தேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"அக்கா, அம்மாக்குக் குடல்புண் இல்லை."

"தெரியும் பிள்ளை."

"ஏன் அக்கா அப்பவே கேக்கேல்லை?"

"மூண்டு தரம் கேட்டனே. அதுக்கு மேல கேட்டா அது கேள்வி இல்ல, கரைச்சல்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படிவத்தை விடுங்க. அது நம்பர். உங்கட தங்கச்சிக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் முகம் அன்றைக்கு அந்த மூன்று பிள்ளைகளின் தாய் வீட்டில் மாறியதுபோல மாறியது. "இரத்தத்தில இருக்கிற சின்ன எழுத்துகள் என்ன சொல்லுதோ தெரியாது. அதை ஆராய்ஞ்சு முடிக்க அவங்களுக்கு இன்னும் எவ்வளவு காலமோ. உங்கட அம்மாக்கு அந்த வயசில வந்தது எண்டது இப்பவே தெரிஞ்ச விசயம். அதைச் சொன்னா அவ போய்க் காட்டலாம். வராமலும் இருக்கலாம். ஆனா அவ அறியாம இருக்கிறது உங்கட கையாலதான்."

அன்றைக்கே சொன்னேன். வாட்ஸ்அப்பில் தங்கச்சியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் வாய் அசைந்தது. "பதினாறு வயசில சொல்லாதது பரவாயில்லை. இருபத்தாறில சொல்லியிருக்கலாமே அக்கா. நான் ரெண்டு பிள்ளை பெத்தபிறகு சொல்லுறாய்."

போய்க் காட்டினாள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு சின்னச் சதை வளர்ச்சி இருந்திருக்கிறது. நாளைக்கு என்னவாக மாறுமோ தெரியாத சாதி. வெட்டி எடுத்துவிட்டார்கள். 'எடுத்தாச்சு. இப்ப ஒண்டுமில்லை. டொக்டர் நல்ல நேரம் வந்தனீங்கள் எண்டவர்' என்று ஒரு மெசேஜ் வந்தது. ஆனால் டொக்டருக்குச் சொன்னது புருஷனுக்குத் தெரிந்து, புருஷனுக்குத் தெரிந்தது மாமியாருக்குத் தெரிந்து, மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பெரிய பிரச்சினை. அதற்குப் பிறகு மெசேஜும் இல்லை, கோலும் இல்லை. நான் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நானும் போய்க் காட்டினேன். எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லிச் சந்தோசப்பட ஒருவரும் இல்லை என்பதால் கொட்டாஞ்சேனைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லித் தங்கச்சியை இழந்திட்டன் அக்கா."

"கோவமா இருக்கிறா. கோவப்பட ஆள் உயிரோட இருக்கிறா." தேத்தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "என்னோட கோவிக்க ஒருத்தர் இருந்தா நான் சந்தோசப்படுவன்" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் அவரே போனில் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறாராம். அந்த வெள்ளைக் குளிசைக்கும் எரிவு அடங்காததால் போய்க் காட்டியிருக்கிறார். இரைப்பையில் கட்டி. "ஒப்பரேசனுக்கு முதல் வீட்டு ஆள் ஆர் எண்டு கேக்கிறாங்க பிள்ளை. சும்மா ஒருக்கா வந்து நிப்பீங்களா?"

போய் நின்றேன். தாதி நிமிராமலே, "லெடாகே கவுத?" என்றாள், நோயாளிக்கு நீ யார் என்று.

"நங்கி" என்றேன். தங்கச்சி.

அவள் பேனையால் எழுதினாள். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படிவத்தில் பொய் ஏறுவதை அவர் விட்டதே இல்லை. திருத்துவார் என்று காத்திருந்தேன். தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அக்கா போர்வையை இழுத்துச் சரி செய்தார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு இளம் டொக்டர் வந்தார், தமிழ்ப் பிள்ளை. என்னைப் பார்த்தே கேட்டார். "தங்கச்சிதானே? குடும்பத்தில ஆருக்கும் கான்சர் இருந்ததா?"

நான் வாயைத் திறக்க முதல் அக்கா எழும்பி உட்கார்ந்துவிட்டார். "டொக்டர், எனக்குத் தெரியாது எண்டு போடுங்க. அவக்கு ஓம். அவட அம்மாக்குக் குடல்ல."

"அக்கா தங்கச்சி எண்டா ஒரே அம்மாதானே?"

"அது நீளக் கதை டொக்டர். தெரியாது எண்டே எழுதுங்க. பேனையால."

அவருக்கு ஒரு மரம் இருந்திருந்தால், அதில் ஒரு வட்டமாவது கறுத்திருந்தால், அந்த எரிவுக்கு இரண்டு வருடம் முந்திப் போய்க் காட்டியிருக்கலாம். காட்டியும் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். அவர் பழக்கியபடியே சொல்கிறேன், இரண்டுமே 'லாம்'தான். ஆனால் நான் மூன்று தரம் கேட்டிருக்க வேண்டும். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை, அதைப் பேனையால் எழுதலாம்.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். அடக்கத்துக்கு வயதான கன்னியாஸ்திரிகள் மூன்று பேரும், வீட்டுக்காரக் குடும்பமும், பழைய கந்தோரிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். அவருடைய அறையில் கட்டிலுக்குக் கீழே இரண்டு சோடிச் செருப்பு இருந்தது. பக்கிள் ஓட்டைகள் இழுபட்டு நீண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவருக்கும் ஒரு அறிவித்தல் வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பேப்பர் கந்தோர்க் கிளார்க் நல்ல மனிதர். இன்னாரின் மகள் என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்னாரின் மனைவி? இல்லை. மக்கள்? இல்லை. அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு உறவும் இல்லாம எப்பிடி மிஸ் போடுறது?"

"சகோதரி எண்டு போடுங்கோ. என்ர பேர், வெள்ளவத்தை."

"வேற சகோதரங்கள்?"

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா, கனடாவில. ஆனா..."

"அவவிட பேரையும் சொல்லுங்கோ. விட்டிட்டுப் போட்டா பிறகு குடும்பத்துக்குள்ள பெரிய சண்டை வரும். நான் எத்தனை பார்த்திருக்கிறன்." அவர் பாட்டுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். நான் தடுத்திருக்கலாம். அழுது களைத்துப் போயிருந்தேன், தங்கச்சியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

பேப்பரில் வந்தது இன்டர்நெட்டிலும் வந்துவிட்டது. டொரொன்டோவில் எங்கள் ஆட்கள் காலையில் பல்லுத் தீட்ட முதல் பார்ப்பது மரண அறிவித்தலைத்தானே. அன்று பின்னேரம் என் போன் அடித்தது. திரையில் தங்கச்சியின் படம். அடித்து ஓய முதல் எடுத்தேன்.

"அக்கா, ஆர் அது? விடியத் தொடங்கி ஆக்கள் எனக்குத் துக்கம் விசாரிக்கினம். மாமி வந்து கட்டிப்பிடிச்சு அழுறா. எங்களுக்கு இன்னொரு அக்கா இருந்தவவா? உண்மையைச் சொல்லு. இன்னும் என்னத்தை எல்லாம் எனக்கு மறைச்சு வைச்சிருக்கிறாய்?"

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவள் குரல். கோபம், முழுக்க முழுக்கக் கோபம். அது இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அக்கா? இருக்கிறியா?"

"இருக்கிறன்."

"அப்ப சொல்லு. ஆர் அவ?"

"முதல்ல அவவிட செருப்பைப் பற்றிச் சொல்லோணும்."

"செருப்பா?"

"ஓம். பக்கிள் பூட்டுற செருப்பு. கொஞ்சம் நீளக் கதை. வைச்சிடாதை."

அவள் வைக்கவில்லை.